நுரையீரல் மாற்றுச் சோதனைகளில் இரு இரத்த அழுத்தங்கள்

இரத்த அழுத்தம் என்றவுடன் மேற்கையில் பட்டை சுற்றி அளக்கப்படும் அழுத்தமே நம் நினைவுக்கு வருகின்றது. அஃது இதயத்தின் இடப்பக்கம் உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்துவதால் எழுவது. நலமுள்ள மனிதரிடத்து அதன் சராசரி ஏறத்தாழ 90 மி.மீ. பாதரசமாகும். வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் தமனியிலோ சராசரி அழுத்தம் 15 மி.மீ. அளவினதே. இவ்விரண்டையும் அடைமொழியின்றி ஒரே தொடரால் சுட்டினால் நுரையீரல் மாற்றுச் சோதனைகளைத் தமிழில் விளக்கவே இயலாது. அவற்றில் ஒன்று ஏறும்போதே மற்றொன்று இறங்கக்கூடும். ஆகவே ‘நுரையீரல் அழுத்தம்’, ‘உடல் அழுத்தம்’ என நாம் இங்குப் பிரித்து வழங்குகின்றோம்.

சோவியத்து ஆய்வாளர் விளாதிமிர் தெமிகோவ் 1940களில் நாய்களில் நுரையீரல் மாற்றத்தைத் தொடங்கினார். 1950ஆம் ஆண்டில் மார்சேய் நகர அறுவை மருத்துவர் ஆன்ரி மெத்ரா, மெல்லிய சிரைகளைத் தனித்தனியே தைக்காமல், அவை திறக்கும் இட மேலறைச் சுவரின் ஒரு துண்டோடு சேர்த்துத் தைக்கும் முறையை வெளியிட்டார். அம்முறை இன்றளவும் வழக்கில் உள்ளது.

பொருத்திய நுரையீரல் உண்மையில் இயங்குகின்றதா என்பதை அறிய ஒரு கடுஞ்சோதனை கையாளப்பட்டது. எதிர்ப்புறத்து நுரையீரல் தமனியைக் கட்டிவிட்டால், இதயம் செலுத்தும் இரத்தம் முழுவதும் புதிய நுரையீரல் வழியாகவே சென்றாக வேண்டும். நலமுள்ள நுரையீரல் இச்சுமையைப் பெரும்பாலும் தாங்கும். மாற்றப்பட்ட நுரையீரலிலோ அழுத்தம் மிக உயர்ந்து, வலக் கீழறை களைத்தது. களைத்த அறை குறைவாகச் செலுத்தவே இடப்பக்கத்திற்கு வரும் இரத்தமும் குறைந்து, உடல் அழுத்தம் வீழ்ந்தது. விலங்குகள் பல இவ்வாறே மாண்டன.

இதற்குத் திசு நிராகரிப்பே காரணம் என எளிதில் எண்ணத் தோன்றும். ஆனால் விலங்கின் நுரையீரலை அறுத்தெடுத்து அதற்கே மீண்டும் பொருத்தியபோதும் அழுத்தம் உயர்ந்தது. தன் உறுப்பை உடல் நிராகரிப்பதில்லை. நரம்பும் நிணநாளமும் அறுபட்டதன் மீதும் பழி விழுந்தது. 1969ஆம் ஆண்டில் வீத், ரிச்சர்ட்சு ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, நிலையான உயர் தடைக்குக் குழாய் இணைப்புகளின் குறைபாடே முதன்மைக் காரணம் எனக் காட்டியது. குழாயின் ஆரம் பாதியானால் சீரான ஓட்டத்திற்குத் தடை 16 மடங்காகும் என்னும் இயற்பியல் விதியை நோக்க, இதில் வியப்பில்லை. உயிரியல் புதிராகக் கருதப்பட்டதில் பெரும்பகுதி தையற்கலையின் சிக்கலே என்பது நம் கருத்து.

இடுக்கம் எங்கு நேர்கின்றது என்பதும் முக்கியம். தமனியில் நேர்ந்தால் சுமை இதயத்தின் மீது விழும். சிரைப் பக்கம் நேர்ந்தால் நுண்குழாய்களில் அழுத்தம் பெருகி, நீர் கசிந்து காற்றறைகளை நிரப்பும். மூச்சுக்குழலில் நுரை பொங்கும். நுரையீரல் என்னும் நம் சொல்லின் முதற்பகுதி இங்கே கண்கூடாகின்றது. இணைப்பு செம்மையாக இருந்தாலும், இரத்தவோட்டம் நின்று மீண்டதால் முதற்சில நாள்களில் ஓரளவு நீர்க்கட்டு தோன்றுவதுண்டு.

விலங்குக்கு விலங்கு வேறுபாடும் உண்டு. இரு நுரையீரல்களின் நரம்புகளும் அறுபட்ட நாய்கள் மிக மெதுவாக மூச்சுவிட்டுத் துன்புற்றன. பபூன் குரங்குகளோ ஏறத்தாழ இயல்பாகவே மூச்சுவிட்டன. நாயின் முடிவை மனிதருக்கு அப்படியே ஏற்றியுரைக்க இயலாது.

மூச்சுக்கிளைக்குழலின் நிலை இவ்விரு அழுத்தங்களுக்கும் இடைப்பட்டது. இயல்பாக அதற்கு உயர்ந்த உடல் அழுத்தத்தில் இரத்தம் ஊட்டுவது தனித் தமனியாகும். மாற்றத்தின்போது அது பெரும்பாலும் மீண்டும் இணைக்கப்படுவதில்லை. மெத்ரா இணைத்தது விதிவிலக்கு. எனவே குழலின் வெட்டுமுனை, தாழ்ந்த நுரையீரல் அழுத்தத்தில் பின்னோக்கி வரும் சிறிதளவு இரத்தத்தை நம்பியே ஆற வேண்டும். நீர்க்கட்டோ நிராகரிப்போ அதையும் குறைத்தால் தையல் பிரியும். 1963இல் சேம்சு ஆர்டி மிசிசிப்பியில் மனிதருக்கு முதன்முதலாக நுரையீரல் பொருத்தினார். நோயாளி 18 நாள்கள் வாழ்ந்தார். அதன்பின் பல நோயாளிகளை இத்தையற்பிரிவு பலிகொண்டது. தொராண்டோவில் சோயல் கூப்பர் குழுவினர் வயிற்றின் கொழுப்புமடலை நாய்களின் இணைப்பின்மேல் சுற்றி, அதன் வழியே இரத்தம் சில நாள்களில் எட்டுவதைக் கண்டனர். 1983இல் அவர்கள் நுரையீரல் பொருத்திய மனிதர் பல்லாண்டு வாழ்ந்தார்.