மசக்கை நடிப்பு அல்ல

விடிவதற்கு முன்பே கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும் போடியிலிருந்து போடிமெட்டுக்கும் ஜீப்புகள் ஏறத் தொடங்கிவிடுகின்றன. உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். தூக்குச்சட்டியில் சோறு இருக்கும். வயிற்றில் ஒரு வாய்க் காப்பிதான் இருக்கும். கொண்டை ஊசி வளைவுகள், டீசல் புகை, வெறும் வயிறு. நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு இதைவிடக் கடினமான காலைப்பொழுது வேறில்லை. “நேத்துச் சாப்பிட்டது ஒத்துக்கல” என்று சொல்லிச் சமாளிப்பாள். மூன்று மாதம் முடியும்முன் வெளியே சொன்னால் கண்ணுபடும் என்பது வீட்டுக் கட்டளை. சொன்னால் நாளைக்கு ஜீப்பில் இடம் இருக்குமா என்பது அவள் கவலை.

மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும், பாலக்காட்டு நெல்லியாம்பதியிலும், எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை வயல்களிலும் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்கும் நிலைமை ஏறக்குறைய இதுதான். ஏழாம் மாதம் ஊரைக் கூட்டி வளையல் அடுக்குகிறோம். இரண்டாம் மாதம் வாந்தி எடுப்பவளை “ஊர்ல இல்லாத மசக்கை” என்கிறோம். குழந்தையின் மூளையும் இதயமும் கைகால்களும் உருவாவது முதல் பன்னிரண்டு வாரங்களில்தான். அந்த வாரங்களில்தான் அவளை மிகக் குறைவாகக் கவனிக்கிறோம்.

குமட்டல் எங்கிருந்து வருகிறது?

கர்ப்பிணிகளில் பத்துக்கு ஏழு பேருக்காவது மசக்கை வருகிறது. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணினால் ஆறாவது வார வாக்கில் தொடங்கி, ஒன்பது, பத்தாவது வாரங்களில் உச்சம் தொட்டு, பெரும்பாலோருக்கு நான்காம் மாதத்தில் அடங்கிவிடுகிறது. காலையில் மட்டும் வரும் என்பதில்லை. நாள் முழுக்கவும் வாட்டலாம்.

இதன் காரணத்தைத் தேடியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க மரபியலாளர் மார்லினா ஃபெய்சோ. 1999ஆம் ஆண்டு அவர் கர்ப்பமாக இருந்தபோது தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. கவனத்தை ஈர்க்க மிகைப்படுத்துகிறார் என்றே அவருடைய மருத்துவர் நினைத்தார். பதினைந்தாவது வாரத்தில் கரு போய்விட்டது. அதன்பின் தன் ஆய்வு வாழ்க்கையையே இந்தக் கேள்விக்குக் கொடுத்தார் ஃபெய்சோ.

2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் விடை வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஓ’ராஹிலி குழுவுடன் ஃபெய்சோ சேர்ந்து செய்த ஆய்வு அது; ஸ்காட்லாந்து, இலங்கை ஆய்வாளர்களும் அதில் பங்கேற்றனர். ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோனைக் கருவும் நஞ்சுக்கொடியும் பெருமளவில் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. மூளையின் அடித்தண்டில் வாந்தியைத் தூண்டும் பகுதி ஒன்று இருக்கிறது. மற்ற மூளைப் பகுதிகளைக் காக்கும் ரத்தத் தடுப்பு அங்கே இல்லாததால், ரத்தத்தில் என்ன கலந்தாலும் அது உடனே உணர்ந்துவிடும். ஜி.டி.எஃப்.15 போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பி அங்கேதான் இருக்கிறது.

கர்ப்பத்துக்கு முன் எந்தப் பெண்ணின் உடலில் இந்த ஹார்மோன் குறைவாக இருந்ததோ, அவளுக்கே திடீர் ஏற்றம் தாங்க முடியாத வாந்தியாகிறது. பீட்டா தலசீமியா என்ற ரத்தக் குறைபாடு உள்ள பெண்களுக்கு இந்த ஹார்மோன் எப்போதுமே கூடுதலாக இருக்கும். அவர்களுக்கு மசக்கை மிகக் குறைவு என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. “நானும் நாலு பெத்தேன், இப்படியா கிடந்தேன்” என்று மருமகளிடம் கேட்கும் மாமியாருக்கு இதுவே பதில். இரண்டு பேரின் ரத்தமும் ஒன்றல்ல.

தெரிவதற்கு முன்பே முடிந்துவிடும் வேலை

கருவுற்ற மூன்றாவது வாரத்தில் கருவின் முதுகுப்புறம் ஒரு தட்டையான தகடு தோன்றுகிறது. அது வெற்றிலைச் சுருள்போல் இரு ஓரமும் மடிந்து குழலாகிறது. மூளையும் தண்டுவடமும் அந்தக் குழலிலிருந்தே வளர்கின்றன. இருபத்தெட்டாவது நாளுக்குள் குழல் மூடியாக வேண்டும். அப்போது நாள் தள்ளி இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும்; பல பெண்கள் பரிசோதனைகூடச் செய்திருக்க மாட்டார்கள்.

குழல் சரியாக மூடத் துணைசெய்வது ஃபோலிக் அமிலம். 1991இல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் குழுமத்தின் ஆய்வு, முன்பு இத்தகைய குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மாருக்கு இந்த மாத்திரையைக் கொடுத்தபோது, மறுபடி அப்படி நேர்வது 72 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. இந்தச் சத்தின் கதை தொடங்கியதே நம் பக்கம்தான். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928 முதல் பம்பாயில் ஆலைத் தொழிலாளிப் பெண்களின் கர்ப்பகாலச் சோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக உள்ள சென்னை கோஷா மருத்துவமனையிலும் வேலை செய்தார். ஈஸ்ட் சாறு கொடுத்ததும் சோகை குணமானதை 1931இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்துதான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது.

ஆகவே, குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தொடங்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறலாம். இரும்பு மாத்திரை வழக்கமாக நான்காம் மாதத்தில்தான் தொடங்கும். பாலக்காட்டு அட்டப்பாடியில் கூடுதல் கவனம் வேண்டும். 2013இல் அங்கே அடுத்தடுத்துச் சிசுக்கள் இறந்தபோது, தாய்மாரின் சோகையும் சத்துக்குறைவும் நாடெங்கும் பேசப்பட்டன. அரிவாள் உயிரணுச் சோகையும் அங்குள்ள பழங்குடி மக்களிடையே உண்டு. அந்த நோய் உள்ளவர்களுக்கு ஃபோலிக் அமிலம் கூடுதலாக வேண்டும். இரும்பு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் தொடங்கக் கூடாது.

சமாளிக்கும் வழிகள்

படுக்கையை விட்டு எழும் முன்பே நான்கு வாய் பொரியோ ரஸ்க்கோ மென்று, கால்மணி நேரம் கழித்து எழுந்தால் குமட்டல் தணியும். வெறும் வயிறுதான் முதல் எதிரி. மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி, ராகிக் கூழ், எலுமிச்சைச் சாறு எது ஒத்துக்கொள்கிறதோ அது. இஞ்சி குமட்டலைக் குறைப்பதை ஆய்வுகளும் உறுதிசெய்திருக்கின்றன. ஜீப்பில் போகும் கட்டாயம் இருந்தால் முன் இருக்கையை அவளுக்குக் கொடுங்கள்.

கட்டன்சாயா தோட்டத்துப் பழக்கம். நாளுக்கு இரண்டு மூன்று தம்ளரோடு நிறுத்துவது நல்லது. தேயிலையின் டானின் இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும் என்பதால், சாப்பாட்டுக்கும் சாயாவுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

மருந்தடித்த ஏலக்காட்டுக்குள் இந்த வாரங்களில் போகவே கூடாது. கணவர் மருந்தடிப்பவர் என்றால் அந்தத் துணியை அவள் துவைக்கக் கூடாது.

மெடிக்கல் கடையில் தானாக மாத்திரை வாங்குவதும் ஆபத்து. 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற மாத்திரை மசக்கைக்கும் கொடுக்கப்பட்டது. அதனால் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்தார்கள். ஆனால் அந்தப் பயத்தில் எல்லா மருந்தையும் ஒதுக்கவும் வேண்டாம். வைட்டமின் பி6, டாக்சிலமின் போன்றவை நெடுங்கால அனுபவத்தில் பாதுகாப்பானவை என்று தெரிந்தவை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தயங்காமல் சாப்பிடலாம்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காவிட்டால், சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளானால், எழுந்தால் மயக்கம் வந்தால், எடை மளமளவென்று இறங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தப்போக்கோ, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலியோ வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள்.

உறுதியான கர்ப்பங்களிலேயே நூற்றில் பத்து முதல் இருபது வரை முதல் மாதங்களில் கலைந்துவிடுகின்றன. அவற்றில் ஏறக்குறையப் பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. கண்ணுபட்டதோ, அவள் மாடிப்படி ஏறியதோ காரணம் அல்ல. அந்தப் பழியை எந்தப் பெண் மீதும் போடாதீர்கள்.

சட்டத்தில் இருக்கும் ஒரு மாதம்

மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்பது தோட்டத்தில் பலருக்கும் தெரியும். அதில் பிரசவத்துக்கு முன் எடுக்கக்கூடியது எட்டு வாரம் மட்டுமே; மசக்கைக் காலத்துக்கு அது உதவாது. ஆனால் 1961 மகப்பேறு நலச் சட்டத்திலேயே இன்னொரு பிரிவு இருந்தது. கர்ப்பத்தால் வரும் நோய்க்கு, மருத்துவச் சான்று காட்டினால், கூடுதலாக ஒரு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்பு. கரு கலைந்தால் ஆறு வார விடுப்பு. இரண்டும் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றிருக்கின்றன. 2015 செப்டம்பரில் மூணாற்றுச் சாலையில் உட்கார்ந்து போனஸுக்குப் போராடி வென்ற பெண்கள், இந்த உரிமையையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

நாள் தள்ளியதும் ஆஷா பணியாளரிடமோ கிராமச் சுகாதார செவிலியரிடமோ சொல்லுங்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யுங்கள். தேனியில் வீடும் இடுக்கியில் வேலையும் என்றால் ஊரிலேயே பதியலாம். தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அந்தப் பதிவுதான் வாசல். கணவர்களுக்கும் மாமியார்களுக்கும் தோட்டத்துச் சூப்பர்வைசர்களுக்கும் ஒரே வேண்டுகோள்: வாந்தி எடுக்கும் பெண்ணை நம்புங்கள். ஏழாம் மாதத்து மரியாதையை இரண்டாம் மாதத்திலேயே கொடுங்கள்.