முசுறு வேடமிட்ட சிலந்தி

மாமரத்தில் ஏறி முசுறுக் கடி வாங்காத பிள்ளைப்பருவம் எம்மவரில் எத்தனை பேருக்கு வாய்த்தது? இலைகளைத் தம் புழுக்களின் பட்டு நூலால் தைத்துக் கூடமைக்கும் அச்செவ்வெறும்புகளின் அருகே, எறும்பல்லாத ஒன்றும் ஊர்வதுண்டு. கால்களை எண்ணினால் எட்டு இருக்கும். 6,000 இனங்களுக்கு மேற்பட்ட பாயும் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது அது.

தலையும் நெஞ்சும் ஒன்றான சிலந்தியுடல், இதில் நடுவே ஒடுங்கி எறும்புடல்போல் தோன்றுகிறது. முன்னங்கால்களை உயர்த்தி உணர்கொம்புகள்போல் அசைக்கிறது. ஆணின் தாடைகளோ முன்னோக்கி நீண்டவை. சுமை தூக்கிச் செல்லும் எறும்பாகவே அதனைக் காண்கிறோம். முசுறுக்கு அஞ்சும் பகைவர் இதனையும் விட்டு விலகுவர். எனினும், முசுறின் மேல் முட்டாது ஒதுங்கியே இது வாழ்கிறது.

இந்தியா, இலங்கை, சீனா, தென்கிழக்காசியா ஆகியன இதன் வாழிடங்கள். முசுறு வட அவுஸ்திரேலியா வரை பரந்துள்ளது. அங்கே அதன் வேடம் தரிப்பது, 2010இல் பெயரிடப்பட்ட வேறோர் இனம்.

எறும்புருச் சிலந்திகளுக்கென மிர்மரக்னே என்னும் சாதியை மக்லே என்பார் 1839இல் நிறுவினார். எமது சிலந்தியை 1869இல் இலங்கையிலிருந்து விபரித்தவர், இங்கிலாந்தின் டோர்செட் கிராமமொன்றில் குருவாகப் பணியாற்றிய பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ். அவர் அதனைச் சல்ரிகஸ் என்ற சாதியில் வைத்தார். பின்வந்தோர் மிர்மரக்னேயிற் சேர்த்தனர். அச்சாதி 200 இனங்களுக்கு மேல் பெருகவே, போலந்து அறிஞர் புரொஷின்ஸ்கி 2016இல் அதனைப் பகுத்தார். இன்று எமது சிலந்தி மிர்மபிளற்றா பிளற்றலியொயிடெஸ் எனப்படுகிறது.

சாதிப்பெயர் இவ்வாறு மாறியபோதும் இனப்பெயர் மாறவில்லை. முதலிற் பெயரிட்டவரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் இட்டெழுதுவது விலங்கியல் மரபு. அக்குறியைக் கண்டதும், இப்பெயர் இடம் மாறி வந்தது என்பதை எந்நாட்டு ஆய்வாளரும் உணர்வர். பழைய ஏட்டைத் தேடி எடுப்பர்.

குடிவரவுப் படிவங்களில் தந்தை பெயர் குடும்பப் பெயராகி, தம் பெயர் பின்தள்ளப்பட்டோர் எம்மிடையே அநேகர். புதிய கடவுச்சீட்டில் அடைப்புக்குறிக்கு இடமில்லை. ஆகவே பழைய பெயரையும், பிறந்த ஊரையும், ஆண்டையும் வீட்டுக் குறிப்பேட்டில் நாமே எழுதிவைத்தல் வேண்டும். எமது பேரப்பிள்ளைகள் ஒருநாள் தேடுவார்கள்.