முதல் பெருக்கி வாங்குவோர் கவனத்துக்கு

2016-ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தனது ஐபோன் 7-இல் இயர்போன் செருகும் துளையை நீக்கியது. அதைக் கேலி செய்த போட்டி நிறுவனங்களும் அடுத்த சில ஆண்டுகளில் அதே வழியில் சென்றன. விளைவாக, ஒலிப் பிரியர்கள் மட்டுமே அறிந்திருந்த ஒரு சிறு கருவி சாதாரண மக்களின் கைக்கு வந்து சேர்ந்தது. அதுதான் கையடக்க ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர். தமிழில் பெருக்கி எனலாம்.

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டிலும் இப்போது இந்தப் பேச்சைக் கேட்க முடிகிறது. பட்டுத்தறியில் அமர்ந்திருக்கும் நேரம் நீண்டது. முன்பு வீட்டு மூலையில் வானொலி பாடும். இன்று நெசவு செய்யும் இளைஞர் ஒவ்வொருவர் காதிலும் தனித்தனிப் பாட்டு. இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், மின்னணுக் கருவிகளைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவன் என்பதால், 'குறைந்த விலையில் எந்த ஆம்ப்ளிஃபயர் வாங்கலாம்?' என்று என்னிடம் சிலர் கேட்கின்றனர். கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: 'எதற்காக வாங்குகிறீர்கள்?' பெரும்பாலோர் சொல்லும் விடை, 'சத்தம் போதவில்லை' என்பதாகும். அந்த விடையில்தான் சிக்கல் இருக்கிறது.

முதலில் ஓர் எளிய உண்மை. புளூடூத் ஹெட்போன் பயன்படுத்துவோருக்குத் தனிப் பெருக்கி எதுவும் தேவையில்லை. அதன் உள்ளேயே பெருக்கி இருக்கிறது. வெளியில் இன்னொன்றைச் சேர்க்க வழியும் இல்லை. கம்பி இணைப்புள்ள ஹெட்போன் வைத்திருப்போருக்கு மட்டுமே இந்தக் கேள்வி எழுகிறது. துளை இல்லாத கைப்பேசியில் கம்பி இயர்போனை இணைக்க நாம் வாங்கும் விரல் நீள யுஎஸ்பி-சி இணைப்பான்களில் பெரும்பாலானவையும் வெறும் கம்பி அல்ல. எண்களாக வரும் இசையை மின்னலையாக மாற்றும் சில்லும், அதைக் காதுக் கருவிக்கு ஏற்ற வலுவுடன் அனுப்பும் பெருக்கியும் அதற்குள் அடங்கியுள்ளன. ஆகவே பலர் தம்மை அறியாமலேயே முதல் பெருக்கியை ஏற்கெனவே வாங்கிவிட்டனர்.

அது போதுமா என்பதை அறிய, ஹெட்போன் பெட்டியின் மீது அச்சிடப்பட்டிருக்கும் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, ஓம் அலகில் தரப்படும் மின்மறுப்பு. மற்றொன்று, டெசிபலில் தரப்படும் உணர்திறன். காதுக்குள் செருகும் இயர்போன் ஒன்றின் உணர்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு 105 டெசிபல் எனக் கொள்வோம். ஒரு வாட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு மின்திறனிலேயே அது 105 டெசிபல் ஒலியை எழுப்பும். அந்த அளவில் சில நிமிடங்கள் கேட்பதே காதுக்குக் கேடு. இத்தகைய கருவிக்கு நூற்றுக்கணக்கான மில்லிவாட் தரும் பெருக்கி எதற்கு?

இங்கே வாங்குவோரைக் குழப்பும் நுணுக்கம் ஒன்று உண்டு. சில நிறுவனங்கள் உணர்திறனை ஒரு மில்லிவாட்டுக்கு என்றும், சில நிறுவனங்கள் ஒரு வோல்ட்டுக்கு என்றும் தருகின்றன. 32 ஓம் கருவியில் இவ்விரண்டுக்கும் இடையே 15 டெசிபல் வேறுபாடு வரும். அதாவது, ஒரு பெட்டியில் 100 என்றும் மற்றதில் 115 என்றும் இருந்தாலும் இரண்டும் ஒரே அளவில் ஒலிப்பவையாக இருக்கக்கூடும். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் படிக்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடுவது, முழத்தையும் மீட்டரையும் ஒன்றாக வைத்துப் புடவையை அளப்பது போன்றது.

பெருக்கி உண்மையிலேயே தேவைப்படும் கருவிகளும் உள்ளன. சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போன்கள் அந்த வகையைச் சேர்ந்தவை. மின்னழுத்தத்தை இருமடியாக்கி ஓம் அளவால் வகுத்தால் கிடைப்பது மின்திறன். இது பள்ளிப் பாடம். ஒரு வோல்ட் தரும் இணைப்பான், 32 ஓம் கருவிக்கு ஏறத்தாழ 31 மில்லிவாட் தரும். 300 ஓம் கருவிக்கு 3.3 மில்லிவாட் மட்டுமே தரும். ஆகவே உயர் மின்மறுப்புக் கருவிக்கு மின்னழுத்தம் கூடுதலாகத் தரும் பெருக்கி வேண்டும். ஆனால் முதன்முறையாகக் குறைந்த விலையில் வாங்குவோரின் கையில் 300 ஓம் கருவி இருப்பது அரிது. 16 அல்லது 32 ஓம் இயர்போனுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் நல்ல இணைப்பானே போதும் என்பது என் துணிபு.

விளம்பரங்களில் பெரிதாக எழுதப்படும் எண்கள் பெரும்பாலும் நமக்குப் பயன்படாதவை. '32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ்' என்பார்கள். குறுந்தகட்டின் அளவு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், இளங்காதுக்குக் கேட்கும் எல்லையான 20,000 ஹெர்ட்ஸை அதுவே தாண்டிவிடுகிறது. '300 மில்லிவாட்' என்பார்கள். எத்தனை ஓமில், எந்தத் துளையில் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. 4.4 மி.மீ. பேலன்ஸ்டு துளை கூடுதல் வலுவுக்கு உதவும். சாதாரண இயர்போனுக்கு அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

சிறிய எழுத்தில் இருக்கும், அல்லது இல்லாமலே போகும் எண் ஒன்றுதான் முக்கியமானது: பெருக்கியின் வெளியீட்டு மின்மறுப்பு. அது ஹெட்போன் மின்மறுப்பின் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 16 ஓம் இயர்போன் என்றால் 2 ஓமுக்குள். இதற்கு மேல் போனால், ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிப்பான்கள் பொருத்தப்பட்ட இயர்போன்களில் சில சுரங்கள் தூக்கலாகவும் சில அமுங்கியும் கேட்கும். இயர்போனில் குறையில்லை, இணைப்பில்தான் குறை என்பது தெரியாமல் புதிய இயர்போன் வாங்குவோரும் உண்டு.

விலை ஏறினால்தான் தரம் ஏறும் என்ற எண்ணத்துக்கும் இத்துறையின் வரலாறே பதில் சொல்லும். சூ மோய் என்பவர் வெளியிட்ட எளிய சுற்று, ஒரு 9 வோல்ட் பேட்டரியுடன் மிட்டாய்த் தகர டப்பாவுக்குள் அடங்கிவிடும். சீமோய் என்ற பெயரில் உலகெங்கும் ஆர்வலர்கள் அதைத் தம் கையால் செய்தனர். 2011-இல், பெயரை வெளியிடாத பொறியாளர் ஒருவர் 'ஆப்ஜெக்டிவ் 2' என்ற வடிவமைப்பை எல்லோருக்கும் திறந்து வைத்தார். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சில்லுகளைக் கொண்டே, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பெருக்கிகளுக்கு இணையான அளவீடுகளை அவர் காட்டினார். சென்னை ரிச்சி தெருவில் அலையத் தெரிந்தவர்கள் இன்றும் அதற்கான பொருள்களைத் திரட்டிவிடலாம். (சூட்டுக்கோல் பிடித்துப் பழகாதவர்கள் அந்த ஆசையைத் தவிர்க்கலாம்.)

இனி, 'சத்தம் போதவில்லை' என்ற விடைக்கு வருகிறேன். தறிக்கூடத்தில் சத்தம் போதாமல் இருப்பதற்குக் காரணம், பெரும்பாலும் இயர்போனின் வலுவின்மை அல்ல; சுற்றியுள்ள ஓசையே. நாடாவின் ஓட்டமும், பலகையின் அடியும், தலைக்கு மேல் ஜக்கார்டு எழுந்து இறங்கும் ஒலியும் பாட்டின் நுண்ணிய பகுதிகளை மூடிவிடுகின்றன. விசைத்தறிக் கூடமாக இருந்தால் ஓசை 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். அந்த ஓசைக்கு மேலே பாட்டை உயர்த்துவதற்காகப் பெருக்கி வாங்குகிறவர், ஏற்கெனவே உள்ள தாக்குதலின் மீது இன்னொன்றைக் காசு கொடுத்து ஏற்றிக்கொள்கிறார்.

உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான கேட்டலுக்கு ஓர் அளவு சொல்கிறது: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாவதால், நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபலில் வாரம் முழுவதற்கும் சேர்த்து 4 மணி நேரம்தான். நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 6 நாள் தறியில் அமர்ந்து கேட்பவரின் கணக்கு 48 மணி. அவர் 80 டெசிபலில் கேட்டாலே வரம்பு மீறுகிறது. அலுவலகத்துக்குப் பேருந்தில் போகும்போது அரைமணி நேரம் கேட்பவருக்கான அறிவுரை இவருக்குப் பொருந்தாது.

உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. பேரோசையால் ஏற்படும் செவித்திறன் இழப்பை, 2025 வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் தனது மூன்றாம் அட்டவணையில் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாகச் சேர்த்திருந்தது. ஆனால் வீட்டுக்குள் தறி போட்டு நெய்யும் குடும்பம் அந்தச் சட்டத்தின் பார்வையில் தொழிற்சாலை ஆகவில்லை. அங்கே ஓசையை அளக்க எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. காதைச் சோதிக்கும் முகாமும் அரிது. கைத்தறித் துறையும் சுகாதாரத் துறையும் நெசவாளர் குடியிருப்புகளில் கண் பரிசோதனை நடத்தும்போது, கூடவே செவிப் பரிசோதனையையும் சேர்த்தால் செலவு பெரிதாகக் கூடிவிடாது.

தனிமனிதர் செய்யக்கூடியது இதைவிட எளிது. பெருக்கிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, காதுத் துளைக்குச் சரியாகப் பொருந்தும் நுரை முனைகளை வாங்கலாம். அவை சரியாக அடைத்துக்கொண்டால் வெளி ஓசை 20 டெசிபல் அளவுக்குக் குறையும். பாட்டை உயர்த்த வேண்டிய தேவையே பெருமளவு நீங்கிவிடும். நெசவில் இழை அறுவதைக் கண் காட்டிக்கொடுக்கும் என்றாலும், உடன் இருப்பவர் அழைப்பது கேட்க வேண்டிய இடத்தில் ஒரு காதில் மட்டும் அணிவது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் பெருக்கி வேண்டும் என்பவர், சத்தத்தைக் கூட்டும் திறனைப் பார்க்காமல், குறைந்த சத்தத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்த்து வாங்கட்டும். கடையில் உங்கள் இயர்போனையே செருகி, பாட்டை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் வந்தால் வேண்டாம். திருகு குமிழ் உள்ளதாயின் மிகக் குறைவாக வைத்து, இரு காதிலும் ஒலி சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான குமிழ்களில் ஒருபக்கம் சாய்வது இயல்பு. 'லோ', 'ஹை' என்று பெருக்க அளவை மாற்றும் விசை இருந்தால் 'லோ'விலேயே வைத்திருங்கள். உங்கள் கைப்பேசியிலேயே இணைத்துச் சோதிப்பது கட்டாயம். ஆப்பிளின் சிறு இணைப்பான் பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் முழு ஒலி தருவதில்லை என்பது பலரும் அறிந்ததே. அழைப்பு பேச வேண்டியவர்கள், ஒலிவாங்கி வேலை செய்கிறதா என்பதையும் அங்கேயே ஓர் அழைப்பு போட்டுப் பார்த்துவிடலாம். தனி பேட்டரி உள்ள பெருக்கியைக் கைப்பேசியோடு ஒட்டி வைக்கும்போது 'டிட்-டிட்' என்ற குறுக்கீடு வருகிறதா என்பதும் அந்த ஓர் அழைப்பிலேயே தெரிந்துவிடும்.