கரன்ட் போனா ரெஸ்ட் ரூம்ல என்ன ஆகும்? பட்டுக்கடை முதல் கல்யாண மண்டபம் வரை கவனிக்க வேண்டிய ஒரு லைட்!

முகூர்த்த சீசன். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஏதோ ஒரு பட்டுக்கடை. கல்யாணப் பொண்ணு, அம்மா, அத்தை, சித்தி, பாட்டினு ஒரு வேன் நிறைய ஆட்கள். முகூர்த்தப் புடவை முடிவாக எப்படியும் மூணு, நாலு மணி நேரம் ஆகும். நடுவுல பாட்டி ரெஸ்ட் ரூம் போறாங்க. தாழ்ப்பாள் போட்ட அடுத்த நிமிஷம், கரன்ட் கட்!

ஷோரூம்ல பெருசா பிரச்னை இல்லை. இன்வெர்ட்டர்ல நாலு லைட் எரியும், கொஞ்ச நேரத்துல ஜெனரேட்டரும் ஓட ஆரம்பிச்சுடும். ஆனா, பாட்டி நிக்கிற இடத்துல? ஈரத் தரை, ஜன்னல் இல்லாத அறை, கையில போன் இல்லை. தாழ்ப்பாள் எந்தப் பக்கம்னே தெரியாது. அந்த வயசுல ஒரு வழுக்கல், இடுப்பு எலும்பு முறிவுல போய் முடியலாம்.

ஏன் ரெஸ்ட் ரூம் மட்டும் இருட்டாகுது?

கடைத்தெருவில் இருக்கிற பல பழைய கட்டடங்களுக்கு முகப்பு சின்னது, உள்ளே நீளம் அதிகம். ரெஸ்ட் ரூமுக்குக் கிடைக்கிற இடம் கடைசி மூலை, இல்லைன்னா மாடிப்படிக்குக் கீழே. பகல்லயே அங்கே வெளிச்சம் வராது. இன்வெர்ட்டருக்கு வயரிங் செய்யும்போது பில் கவுன்ட்டர், கம்ப்யூட்டர், சேல்ஸ் பகுதிக்குத்தான் முதலிடம். ரெஸ்ட் ரூம் பட்டியலில் கடைசியா வரும், சில நேரம் வரவே வராது.

'அதான் ஜெனரேட்டர் இருக்கே?'னு கேட்கலாம். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கி, லைன் மாறுவதற்குள் ஓர் இடைவெளி உண்டு. அதைவிட முக்கியம், தீ விபத்துனு வந்தா மின் இணைப்பைத் துண்டிப்பதுதான் முதல் வேலைகளில் ஒன்று. அப்போ ஜெனரேட்டரையும் நிறுத்த வேண்டியிருக்கும்.

எமர்ஜென்ஸி லைட்னா என்ன?

வீட்டுல அலமாரி மேல வெச்சிருப்போமே, அந்தக் கைவிளக்கு இல்லை. சுவரிலோ சீலிங்கிலோ நிரந்தரமா பொருத்துற விளக்கு. உள்ளேயே பேட்டரி இருக்கும். கரன்ட் இருக்கும்போது சார்ஜ் ஏறும். கரன்ட் போனதும் யாரும் ஸ்விட்சைத் தொடாமலே எரியும். இதுல இரண்டு வகை: ஒன்று எப்பவும் எரிஞ்சுட்டே இருக்கும், இன்னொன்று கரன்ட் போனா மட்டும் எரியும். சின்ன ரெஸ்ட் ரூமுக்கு இரண்டாவது வகையே போதும்.

விதி என்ன சொல்லுது?

இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, தீ பாதுகாப்புக்குனு ஒரு தனிப் பகுதியையே ஒதுக்கியிருக்கு. எமர்ஜென்ஸி விளக்கு குறைந்தது ஒன்றரை மணி நேரம் எரியணும், வழக்கமான மின்சாரத்தை நம்பாத தனி மூலத்திலிருந்து இயங்கணும்னு அது சொல்லுது. நடைபாதை திரும்புற இடம், படிக்கட்டு, வெளியேறும் கதவு... இப்படி வெளியே போகிற வழிக்குத்தான் அதன் அழுத்தம். இந்தத் தொகுப்பு நேரடிச் சட்டம் கிடையாது. மாநில அரசுகள் தங்கள் கட்டட விதிகளில் சேர்க்கும்போதுதான் அது கட்டாயம் ஆகும்.

பிரிட்டனின் தர விதி ஒரு படி மேலே போய், கழிப்பறையைப் பெயர் சொல்லியே சேர்க்குது. 8 சதுர மீட்டரைத் தாண்டுற கழிப்பறைக்கு எமர்ஜென்ஸி லைட் வேணும். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறைன்னா அளவு எதுவா இருந்தாலும் வேணும். அமெரிக்காவில் பின்பற்றப்படும் மாதிரிக் கட்டட விதி, 300 சதுர அடிக்கு மேற்பட்ட பொதுக் கழிப்பறைகளைச் சொல்லுது.

அளவுக் கணக்கு மட்டும் பார்த்தா நம்ம ஊர் கடைகளின் நாலுக்கு நாலு அறை இதுல தப்பிச்சுடும். ஆனா ஜன்னல் இல்லாத, ஈரமான சின்ன அறையில்தான் இருட்டு ரொம்பக் கஷ்டம்!

இருட்டும் புகையும் சேர்ந்தா...

1997 ஜூன் 13, டெல்லி உப்ஹார் தியேட்டர். டிரான்ஸ்ஃபார்மரில் தொடங்கிய தீயில் 59 பேர் இறந்தாங்க. அங்கே எமர்ஜென்ஸி விளக்குகள் சரியாக இல்லாததும் வழக்கில் சுட்டிக்காட்டப்பட்ட குறைகளில் ஒன்று. 2017 டிசம்பர் 29, மும்பை கமலா மில்ஸ். மொட்டைமாடி உணவக விடுதித் தீயில் 14 பேர் இறந்தாங்க. அவர்களில் பலரின் உடல்கள் கிடைத்தது கழிப்பறையில். புகைதான் காரணம்.

பயத்தில் கழிப்பறை பாதுகாப்பான இடமாகத் தோணும். ஆனா பெரும்பாலும் அதுக்கு ஒரே கதவுதான். அதனால அங்கே மாட்டும் விளக்கு அறைக்குள்ளேயே முடிஞ்சுடக் கூடாது. கதவுக்கு வெளியே நடைபாதை, படிக்கட்டு, வாசல் வரைக்கும் வெளிச்சம் தொடரணும்.

கடைக்காரர்கள், மண்டபக்காரர்கள் கவனத்துக்கு...

* ஒவ்வொரு ரெஸ்ட் ரூமிலும், அதன் வெளி வழியிலும் பேட்டரி உள்ள விளக்கு ஒன்று இருக்கட்டும். வரிசையா அறைகள் இருந்தா, தடுப்புச் சுவரைத் தாண்டி உள்ளே வெளிச்சம் விழுதானு பாருங்க.

* பட்ஜெட் இடிக்குதா? பேட்டரி உள்ள இன்வெர்ட்டர் பல்பை தற்காலிகமா மாட்டலாம். ஆனா ஸ்விட்ச் ஆனில் இருந்தால்தான் அது சார்ஜ் ஏறும், கரன்ட் போனா எரியும். ஸ்விட்சை யாரும் அணைக்காதபடி பார்த்துக்கணும்.

* ஆள் அசைவை வைத்து எரியும் சென்சார் லைட் எமர்ஜென்ஸி லைட் ஆகாது. கரன்ட் போனா அதுவும் போயிடும்.

* மாசம் ஒரு தடவை அந்த லைனை ஆஃப் பண்ணி, விளக்கு எரியுதானு பாருங்க. வருஷத்துக்கு ஒரு தடவை முழு நேரமும் தாக்குப்பிடிக்குதானு சோதிங்க. பேட்டரி சத்தமில்லாமத்தான் சாகும்.

நாம என்ன பண்ணலாம்?

புது இடத்துக்குப் போனா, வெளியேறும் வழி எங்கேனு ஒரு பார்வை பார்த்துடுங்க. பெரியவங்க, குழந்தைங்க ரெஸ்ட் ரூம் போகும்போது வாசலில் ஒருத்தர் நில்லுங்க. உள்ளே இருக்கும்போது கரன்ட் போனா உடனே நகராம, சுவரைப் பிடிச்சு நின்னு, போன் டார்ச்சைப் போடுங்க. புகை வாசனை வந்தா உள்ளேயே ஒளியாதீங்க. குனிஞ்சபடி வெளியேறப் பாருங்க.

மண்டபம் புக் பண்ணும்போது ஏசி, பார்க்கிங், லிஃப்ட்னு எல்லாத்தையும் கேட்கிறோம். 'கரன்ட் போனா ரெஸ்ட் ரூம்ல லைட் எரியுமா?'னு இதையும் கேளுங்க. முடிஞ்சா ஒரு தடவை அணைச்சுக் காட்டச் சொல்லுங்க. நாலு பேர் கேட்டா, அஞ்சாவது ஆள் வரும்போது விளக்கு மாட்டியிருப்பாங்க.