கூலி குறைந்த ஊரைத் தேடி ஓடும் கார் "ஒயர்" வேலை! அமெரிக்க ஊர் பட்ட பாடு

சென்னை புதுப்பேட்டைக்குப் போய் இருக்கிறீர்களா? ஒரு பழைய காரை அங்கே தள்ளிக்கொண்டு போய் விட்டால் போதும். கதவு ஒரு கடையில் தொங்கும். கண்ணாடி இன்னொரு கடைக்குப் போய்விடும். கடைசியில் ஒரு மூலையில் மலைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கும் ஒரு மூட்டை. கலர் கலராக ஒயர். கருப்பு டேப் சுற்றி இருக்கும்.

அதுதான் காரின் நரம்பு. ஹெட்லைட் எரிவது, ஆரன் கத்துவது, வைப்பர் ஆடுவது எல்லாம் அதன் உபயம். இந்தக் காலத்துக் கார் ஒன்றில் உள்ள ஒயரைப் பிரித்து நீட்டினால் ஒரு கிலோ மீட்டரைத் தாண்டும்.

இந்த ஒயரை நம்பி அமெரிக்காவில் ஒரு ஊரே சோறு தின்றது. ஓகியோ மாநிலத்தில் உள்ள வாரன் நகரம்தான் அது.

அண்ணன்-தம்பி ஆரம்பித்தது

பேக்கார்டு என்ற அண்ணன், தம்பி இருவர் 1890-ல் அங்கே மின்சார சாமான் கம்பெனி தொடங்கினார்கள். 1899-ல் காரே செய்து ஓட்டினார்கள். கார் கம்பெனி 1903-ல் டெட்ராய்ட்டுக்கு மூட்டை கட்டிவிட்டது. (ஊரை விட்டு வேலை ஓடுவது அப்போதே ஆரம்பம்!) ஒயர் கம்பெனி மட்டும் வாரனிலேயே தங்கியது. அதை 1932-ல் ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியது.

1970-களில் அங்கே 13 ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள். அப்பன் வேலை செய்த ஷாப்பிலேயே மகனும் சேர்ந்தான். யூனியன் இருந்தது. பென்ஷன் இருந்தது. வீடு, கார் எல்லாம் இருந்தது.

கைதான் வேண்டும்!

இந்த வேலையில் ஒரு சிக்கல். என்ஜின் பாகத்தைக் கடைய எந்திரம் உண்டு. தகடு அடிக்க பிரஸ் உண்டு. ஒயர் அப்படி இல்லை. தொய்ந்து தொய்ந்து விழும். பெரிய பலகையில் முளை அடித்து, ஒவ்வொரு ஒயரையும் கையால் படுக்க வைத்து, டேப் சுற்றி, முனையில் சொருகிப் பூட்ட வேண்டும். ரோபோவுக்கு இது சரிப்பட்டு வரவில்லை. விரல்தான் வேண்டும்.

விரல் எங்கே மலிவு? முதலாளிகள் மேப்பைப் பார்த்தார்கள். டெக்சாஸ் எல்லையில் ஒரு ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ நாட்டின் ஜுவாரஸ் நகரம். சாமானை வரி இல்லாமல் கொண்டு வந்து, பூட்டி, திருப்பி அனுப்பலாம் என்று மெக்சிகோ சர்க்கார் 1965-லேயே வழி செய்திருந்தது. 1978-ல் பேக்கார்டு அங்கே தொழிற்சாலை திறந்தது. பலகைக்கு முன்னால் வந்து நின்றவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள்.

வாரன் தொழிலாளிகளுக்கு அடிவயிறு கலங்கியது. "இருக்கிறவங்க வேலையாவது தப்பட்டும்" என்று 1984-ல் யூனியன் இறங்கி வந்தது. புதிதாகச் சேருபவர்களுக்கு குறைந்த கூலி என்று கையெழுத்தானது. அப்படியும் ஓட்டம் நிற்கவில்லை. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் போட்ட வர்த்தக ஒப்பந்தம் 1994-ல் அமலுக்கு வந்ததும் கதவு அகலத் திறந்தது.

27 டாலர் 10 ஆனது

1999-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் உதிரி பாகத் தொழிற்சாலைகளை "டெல்பி" என்ற பெயரில் தனியாகக் கழற்றி விட்டது. 2005 அக்டோபர் 8-ந் தேதி டெல்பி திவால் மனு கொடுத்தது. மணிக்கு 27 டாலர் வாங்கியவர்கள் 10 டாலர் அளவுக்கு இறங்க வேண்டும் என்றது நிர்வாகம். இறங்கினாலும் மெக்சிகோவோடு போட்டி போட முடியுமா? இங்கே ஒரு மணி நேரக் கூலி அங்கே ஒரு நாள் கூலியை விட அதிகம்.

கூத்தைக் கேளுங்கள். மனு கொடுப்பதற்கு முதல் நாள், 21 பெரிய அதிகாரிகளை வேலையை விட்டு அனுப்பினால் கொடுக்க வேண்டிய தொகையை உயர்த்தி வைத்துவிட்டார்கள்! தொழிலாளிகள் கொதித்தார்கள். தலைமை அதிகாரி ஸ்டீவ் மில்லர் "எனக்கு வருடத்துக்கு 1 டாலர் சம்பளம் போதும்" என்று அறிவித்தார். வேலைக்குச் சேரும்போதே 30 லட்சம் டாலர் கையில் வாங்கியவர் அவர். சொல்ல மாட்டாரா பின்னே!

2006-ல் பேரம் நடந்தது. 10 வருட சர்வீஸ் உள்ளவர்களுக்கு 1 லட்சத்து 40 ஆயிரம் டாலர். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போ, மருத்துவச் செலவை நீயே பார்த்துக்கொள் என்றார்கள். டெல்பி முழுவதும் சுமார் 20 ஆயிரம் பேர் கிளம்பினார்கள்.

மாதச் சம்பளக்காரர்கள் கதி இன்னும் மோசம். 2009-ல் அவர்களுடைய பென்ஷன் திட்டமே கைமாறியது. சிலருக்கு 100 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 30 ரூபாய் வந்த கணக்கு. 12 வருடத்துக்கு மேல் கோர்ட்டுக்கு நடந்தார்கள். 2022 ஜனவரியில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வழக்கை எடுக்க மறுத்தது.

நம்ம ஊருக்கு வந்த மூடி

"இது என்னமோ அமெரிக்காக்காரன் பாடு" என்று நாம் ஒதுங்க முடியாது. ரேடியேட்டர் மூடி தெரியுமல்லவா? ஜெனரல் மோட்டார்சுக்கு அதைச் செய்துகொண்டிருந்த எந்திரங்கள் இங்கிலாந்தில் இருந்தன. 1990-களில் அவற்றை நம்ம டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம் பாசனர்ஸ் வாங்கி, கழற்றி, கப்பலில் ஏற்றி இங்கே கொண்டு வந்து மாட்டியது. சென்னைக்குப் பெருமை. இங்கே பல குடும்பத்தில் உலை கொதித்தது. அங்கே அடங்கிய அடுப்பைப் பற்றி நாம் கேட்டுக்கொண்டதில்லை.

ஒயர் மட்டும் இன்னும் ஓடுகிறது. மொராக்கோ, துனீசியா, ருமேனியா, பிலிப்பைன்ஸ் என்று அதற்குப் பல ஊர். ஜெர்மன் கம்பெனி ஒன்று உக்ரைன் நாட்டின் மேற்கில் இரண்டு தொழிற்சாலை போட்டது. சுமார் 7 ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள். 2022 பிப்ரவரியில் ரஷியா குண்டு போட்டது. அடுத்த சில நாளில் ஜெர்மனியில் போக்ஸ்வேகன், பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலைகள் நின்றன. என்ஜின் இருந்தது. சக்கரம் இருந்தது. ஒயர் இல்லை!

உக்ரைன் தொழிலாளிகள் சீக்கிரமே வேலைக்குத் திரும்பினார்கள். சைரன் ஊதினால் பதுங்கு அறைக்கு ஓடுவார்கள். ஓய்ந்ததும் மேலே வந்து, விட்ட இடத்தில் இருந்து டேப் சுற்றுவார்கள்.