பாய்மரத்தைத் தாங்கும் மூன்று கம்பிகள்

மும்பையில் மழைக்காலம் ஓய்ந்துவிட்டால் கேட்வே ஆப் இந்தியாவுக்கு எதிரே கடலில் வெள்ளைப் பாய்கள் தென்படத் தொடங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கரையேறிக் கிடந்த சிறு படகுகள் மீண்டும் நீரில் இறங்கும் காலம் அது.

பார்ப்பவர் கண்ணில் படுவது பாய்தான். ஆனால் படகோட்டியின் உயிர் இருப்பது பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகளில்! சிறு படகில் பெரும்பாலும் மூன்றே கம்பிகள். முன்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. காற்று பலமாக வீசும்போது ஒன்று அறுந்தாலும் மரம் சாய்ந்துவிடக்கூடும்.

1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் பாய்மரப் படகுப் பந்தயங்கள் மும்பைக் கடலில்தான் நடந்தன. பரூக் தாராபூரும் ஜரீர் கரஞ்சியாவும் 'பயர்பால்' வகைப் படகில் தங்கம் வென்றனர். அவ்வகைப் படகில் ஒருவர் சுக்கான் பிடிக்க, மற்றவர் பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு படகுக்கு வெளியே சாய்ந்து நிற்பார். மரம் சாய்ந்தால் அவர் கதி என்ன?

துரு ஒளியும் இடம்

"ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காதே!" என்று பலர் நினைக்கின்றனர். காற்றுப் படும்வரைதான் அந்தப் பேச்சு. காற்றிலுள்ள பிராணவாயுவால் உண்டாகும் மெல்லிய படலமே அதற்குக் கவசம். கம்பியின் நுனியைக் கவ்வும் குழாய்க்குள் உப்புநீர் தங்கிவிட்டால், காற்றில்லாமல் கவசம் போய் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். கீழ்நுனியில்தான் நீர் அதிகம் தேங்கும். எனவே மயிரிழை வெடிப்போ பழுப்புக் கறையோ இருக்கிறதா என்று முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

இத்தகைய கம்பி பெரும்பாலும் 19 இழைகளை முறுக்கிச் செய்ததாகும். அதன்மேல் பழந்துணியை ஓட்டினால், அறுந்த இழை துணியைப் பிடித்துக்கொள்ளும். ஓர் இழை அறுந்திருந்தாலும் கம்பியை மாற்றிவிட வேண்டும். மறுபக்கத்துக் கம்பிக்கும் அதே வயதுதான் என்பதால், அதையும் சேர்த்து மாற்றுவதே புத்திசாலித்தனம்.

அளவில் கவனம்

பழைய கம்பியையும் புதிய கம்பியையும் பக்கத்தில் பக்கமாக இழுத்துக் கட்டி அளவெடுக்க வேண்டும். டர்ன்பக்கிள் பாதி திறந்திருக்கும் நிலையில் நீளம் சரியாக இருந்தால், பிறகு இறுக்கவும் தளர்த்தவும் இடமிருக்கும். நுனிக் குழாயை இயந்திரத்தில்தான் அழுத்த வேண்டும். சுத்தியலால் அடித்து ஒப்பேற்றக் கூடாது. பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மீண்டும் மாட்டுவதும் ஆபத்து. புதியதைப் போட்டு, பாய் கிழியாதபடி டேப் சுற்ற வேண்டும்.

மரப் பாய்மரமானால் அடிப்பகுதியைக் குத்தூசியால் குத்திப் பார்க்க வேண்டும். ஊசி மெத்தென இறங்கினால் உளுத்துவிட்டது என்று பொருள். அலுமினிய மரமானால், ஸ்டீல் ஆணிகளைச் சுற்றி வெள்ளைப் பொடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது அரிப்பின் அடையாளம்.

எல்லாம் முடிந்ததும் மரத்தடியில் நின்று உச்சிவரை அண்ணாந்து பார்க்க வேண்டும். மரம் ஒரு பக்கம் வளையாமல் நேராக நிற்க வேண்டும். ஒவ்வொரு முறை கரை திரும்பியதும் கம்பிகளை நல்ல தண்ணீரில் கழுவினால் அவற்றின் ஆயுள் கூடும்.

கடலுக்குள் போனபின் பின்னுக்கும் கம்பிக்கும் கடை கிடையாது. ஒரு பழந்துணியும் அரை மணி நேரமும் செலவிட்டுக் கரையிலேயே பார்த்துக்கொள்வதே உயிருக்குக் காவல்!