கியூ கோலுக்கு ஒரு தோலுறை

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் வாழும் நம்மவர் இளைஞர் ஒருவர், சில மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு கியூ கோல் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதனைக் காக்க மலிவான நைலான் பை கடையிற் கிடைக்கும். அளவெடுத்துக் கையால் தைத்த தோலுறையின் விலையோ அதைப்போலப் பல மடங்காகும். அந்த மிகுதிப் பணத்திற்கு ஈடாக நாம் பெறுவது யாது என்பதை ஆராய்வோம்.

மேசைப் பந்தாட்டம் நம் நாட்டிற்குப் புறம்பானதன்று. ஸ்னூக்கர் ஆட்டம் 1875-ஆம் ஆண்டில் ஜபல்பூர்ப் படை முகாமில் தோன்றி, 1880-களில் நம் உதகமண்டலத்துக் கிளப்பில் விதிகள் வகுக்கப்பெற்று உருப்பெற்றது. 1958-ஆம் ஆண்டில் வில்சன் ஜோன்ஸ் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். பெங்களூரில் பயின்ற பங்கஜ் அத்வானி 2003-ஆம் ஆண்டில் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டத்தை அடைந்தார்.

பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் ஆகிய எவ்வாட்டமாயினும் கோல் நேராக இருத்தல் வேண்டும். கோலோ மரத்தால் ஆயது. காற்றின் ஈரத்தை உண்டு மரம் பருக்கும், வறட்சியில் சுருங்கும். இம்மாறுதல் ஒரு பக்கம் மிகுந்தும் மறுபக்கம் குறைந்தும் நிகழுமாயின் கோல் வளைந்துவிடும். சுவரில் நாள்தோறும் சாய்த்து வைப்பதும், வெயிலில் நிற்கும் காரில் விட்டுச் செல்வதும் இதே கேட்டை விளைவிக்கும். நல்ல உறை இம்மாறுதலை முற்றிலும் தடுப்பதில்லை, ஆனால் அதன் வேகத்தைக் குறைக்கிறது, அடிபடாமலும் காக்கிறது.

பூல் கோல் ஏறத்தாழ 58 அங்குல நீளமுடையது. நடுவில் திருகி இரண்டாகப் பிரிப்பர். ஸ்னூக்கர் கோல்களிற் சில முக்காற் பங்கில் பிரிவன. அவற்றுக்கு நீண்ட உறை வேண்டும். ஆதலின் கைவினைஞர் கோலைக் கையில் வாங்கி அளந்த பின்னரே தோலை அறுக்கிறார்.

அத்தோலுக்கும் தமிழ்நாட்டிற்கும் பழைய உறவு உண்டு. பெங்களூரிலிருந்து சென்னைக்கு ரயிலேறும் நாம் வாணியம்பாடியையும் ஆம்பூரையும் கடந்தே செல்கிறோம். தோல் பதனிடுதலுக்குப் பெயர்பெற்ற ஊர்கள் அவை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடுவது தென்னாட்டின் மரபாக இருந்தது. பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்து தோலின் நார்களோடு கலந்து, அழுகலைத் தடுத்து, விறைப்பைத் தருகிறது. இவ்வாறு பட்டைச் சத்தால் பதனிட்ட தோல் நனைத்து வடிவமைத்தால் அவ்வடிவில் நிற்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல நிறம் ஆழ்ந்து அழகு பெறும். குரோமிய உப்பால் பதனிட்ட தோல் விரைவில் ஆயத்தமாகும், ஆயின் மென்மையானது. எனவே விறைத்து நிற்க வேண்டிய உறைக்கு முன்னதே ஏற்றது.

இனித் தையலை நோக்குவோம். தையல் இயந்திரம் மேலும் கீழுமாக இரு நூல்களைப் பின்னுகிறது. ஓரிடத்தில் நூல் அறுந்தால் அண்டைத் தையல்களும் தளரக்கூடும். கைத்தையலில், மெழுகிட்ட ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, குத்தூசியால் இட்ட ஒவ்வொரு துளையிலும் இரு புறமிருந்தும் செலுத்துவர். ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை பிடித்து நிற்கும். ஒரு நீண்ட உறையில் இத்தகைய துளைகள் நூற்றுக்கணக்கானவை. நாம் கொடுக்கும் மிகுதிப் பணம் பெரும்பாலும் அந்த உழைப்பின் நேரத்திற்கே.

வாங்கியபின் காப்பது நம் கடமை. மழைக்காலத்தில் நனைந்த உறையைத் துணியால் ஒற்றி, திறந்து வைத்து, நிழலில் உலர்த்துதல் வேண்டும். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் தோல் வெடிக்கும். பிளாஸ்டிக் பையில் மூடினால் பூஞ்சணம் பூக்கும். பம்பாய் மழையில் வாழும் நேயர்கள் இதனை நன்கறிவர். டில்லிக் கோடையின் வறட்சியில் இருப்போர், தோலுக்குரிய எண்ணெயைத் துணியில் தொட்டு மிகச் சிறிதளவே பூசலாம். எண்ணெய் மிகுந்தால் தோல் தளர்ந்துவிடும்.

இறுதியாக ஒன்று கூறவேண்டும். தோலைத் தொட்டு உழைத்தவரை நம் சமுதாயம் நெடுங்காலம் இழிவுபடுத்தியது. அவர் செய்த செருப்பையும் பையையும் விரும்பிய நாம், அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்த நமக்கு, உழைப்புக்கு மதிப்பில்லாத துன்பம் தெரியாததன்று. ஆகவே அவரிடம் இயந்திரப் பையின் விலையைக் கேட்டுப் பேரம் பேசுதல் தகாது. நேரத்திற்குரிய கூலியைக் கொடுப்போம். நூல் தளர்ந்தால் புதிதொன்று வாங்காமல் அவரிடமே திருப்பித் தைக்கக் கொடுப்போம்.

ஆயுத பூஜையன்று அவ்விளைஞர் தம் கோலுக்கும் உறைக்கும் சந்தனம் இடுவாராயின், அதைத் தைத்த கைகளையும் நினைத்துக்கொள்வாராக.